குணமாகி வந்த மூன்றாம் நாள்: போதைப்பொருள் உடலையும் மனத்தையும் என்ன செய்கிறது?

"ரீச்சர், பெடியன் நல்லா வந்திட்டான். முகத்தைப் பாருங்கோவன், பழைய மாதிரி" என்று அந்தத் தாய் தொலைபேசியில் சொன்னபோது எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. வவுனியாவில் உறவினர் ஒருவரின் தோட்டத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு மகன் வீடு திரும்பியிருந்தான். அந்த மூன்று மாதமும் அவன் ஹெரோயினைத் தொடவில்லை. உடம்பு தேறியிருந்தது. "இனிப் பயமில்லை அக்கா" என்று நான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை அவன் வீட்டு மலசலகூடத்தில் இறந்து கிடந்தான். பக்கத்தில் ஊசி இருந்தது. வயது 23.

நான் ஆசிரியராக இருந்து, போரின் பின்னர் உளவளத்துணைப் பணிக்கு வந்தவள். போதையை விட்டு வந்தவருக்கு முதல் நாட்களே மிகவும் ஆபத்தானவை என்பது எனக்குத் தெரியாத விடயமில்லை. படித்திருந்தேன், பயிற்சி வகுப்புகளில் சொல்லியும் இருக்கிறேன். அன்று அந்தத் தாயின் குரலில் இருந்த சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அந்த வீட்டுக்கு நான் சொல்லாமல் விட்டதையும், அதனோடு சேர்த்து ஒவ்வொரு வீடும் தெரிந்திருக்க வேண்டியதையும் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் குடும்பங்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் குடாநாட்டில் புழங்குபவை

போதை என்றால் எங்கள் ஊரில் முன்பு கள்ளும் சாராயமும்தான். கசிப்பும் களவாக ஓடியது. இன்றைக்கும் குடாநாட்டில் அதிக குடும்பங்களைச் சீரழிப்பது மதுதான் என்பதை மறக்கக்கூடாது. அது பழகிப்போனதால் யாரும் அதைப் "போதைப்பொருள்" என்று சொல்வதில்லை.

2009க்குப் பின்னர் கடல் வழியாகக் கஞ்சா பெருமளவில் வரத்தொடங்கியது. "கேரள கஞ்சா" என்று செய்திகளில் படிப்பது அதுதான். வடமராட்சிக் கரையிலும் மாதகல் பக்கமும் தீவகத்திலும் மன்னாரிலும் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது. பிறகு ஹெரோயின் வந்தது. "குடு", "தூள்" என்று பெடியள் சொல்வது இதைத்தான். அதன் பின் "ஐஸ்" எனப்படும் மெத்தம்பெற்றமைன். இவற்றோடு பிரிகபலின், டிரமடோல் போன்ற மாத்திரைகள். இவை வைத்தியர் எழுதித் தந்தால் நோவுக்கும் நரம்பு வலிக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் கையளவு விழுங்கினால் போதை. பாடசாலைப் பிள்ளைகள் பலருக்கு முதல் படியாக இருப்பது மாவாப் பாக்கு.

2022 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஹெரோயினை ஊசி மூலம் ஏற்றிய இளைஞர்கள் இறந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்கு முன்னர் பெரும்பாலானோர் அதை ஈயத்தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையாக இழுத்தார்கள். விலை கூடக்கூட, பழக்கம் முற்ற முற்ற, குறைந்த தூளில் கூடிய போதை தேடி ஊசிக்குப் போனார்கள். சாவுகள் அங்கேதான் பெருகின.

இதைத் திட்டமிட்டுப் பரப்புகிறார்கள் என்று எங்கள் மக்கள் பலர் நம்புகிறார்கள். இத்தனை சோதனைச் சாவடிகளும் கடற்படை முகாம்களும் உள்ள கரையால் எப்படி வருகிறது என்ற கேள்வி நியாயமானது. அதற்குரிய விசாரணையை நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்த விடை வரும்வரை அறைக்குள் கிடக்கும் பிள்ளைக்கு வைத்தியம் காத்திருக்க முடியாது.

மூளைக்குள் நடப்பது

பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால், பரீட்சையில் சித்தி அடைந்தால், பிரிந்த உறவைக் கண்டால் எங்கள் மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் சுரக்கிறது. "இது நல்லது, மறக்காதே, திரும்பவும் செய்" என்று அது மூளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. போதைப்பொருள் இந்தப் பாதையையே பிடித்துக்கொள்கிறது. இயற்கையாக வரும் எந்தச் சந்தோசத்தையும் விடப் பல மடங்கு டோபமைனை ஒரே தடவையில் அது கொட்ட வைக்கிறது.

மூளை சமநிலையை விரும்பும் உறுப்பு. தினமும் வெள்ளம் வந்தால் அது தன் கதவுகளைக் குறைத்துக்கொள்ளும். அதனால் நேற்றைய அளவு இன்றைக்குப் போதாது. இதைத் தாங்குதிறன் கூடுவது என்கிறோம். அதே நேரம் சாதாரண சந்தோசங்கள் வேலை செய்யாமல் போகின்றன. அம்மாவின் ஒடியல் கூழும் கோவில் திருவிழாவும் கிரிக்கெட் மட்சும் அவனுக்கு உப்பில்லாத சோறு போலாகின்றன. "எங்களில பாசமே இல்லாமல் போச்சு" என்று தாய்மார் அழுவார்கள். பாசம் போகவில்லை. பாசத்தை உணரும் இடம் மரத்துப்போயிருக்கிறது.

ஓரளவு காலத்தின் பின் அவன் போதைக்காக எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் வரும் வேதனைக்குப் பயந்து எடுக்கிறான். முடிவெடுக்கவும் தன்னை அடக்கவும் உதவுகின்ற மூளையின் முன்பகுதி ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே 15 வயதில் தொடங்கியவனுக்கு, விடுவதற்குத் தேவையான கருவியே முழுதாக உருவாகும் முன் சேதப்படுகிறது. "மனம் வைச்சால் விடலாம்" என்று சொல்வது சுலபம். அந்த மனம் இருக்கும் இடத்தில்தான் நோய் இருக்கிறது.

உடலுக்குள் நடப்பது

ஹெரோயின் அபின் வகையைச் சேர்ந்தது. அது மூச்சு விடும்படி கட்டளையிடும் மூளைப் பகுதியை மந்தப்படுத்துகிறது. அளவு மிஞ்சினால் மூச்சு மெதுவாகி நின்றுவிடும். பெரும்பாலான சாவுகள் இப்படித்தான் நிகழ்கின்றன. நீண்ட காலம் எடுப்போருக்குக் கடும் மலச்சிக்கல், மெலிவு, பாலியல் நாட்டக் குறைவு, பெண்களில் மாதவிடாய் குழம்புதல் ஆகியன வரும். ஊசி ஏற்றுவோரின் நிலை இன்னும் மோசம். சுத்தமில்லாத ஊசியால் இரத்தத்தில் கிருமி நுழைந்து இதய வால்வுகளைத் தாக்கும். நாள்கணக்கில் விடாத காய்ச்சல், நடுக்கம், மூச்சு வாங்குதல் ஆகியன அதன் அறிகுறிகள். காய்ச்சல்தானே என்று பனடோல் கொடுத்து வீட்டில் வைத்திருந்து, இதயம் பழுதான பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வியும் பி, சி வகை ஈரல் அழற்சியும் பரவும்.

ஐஸ் நேர் எதிரான வேலை செய்கிறது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது. இரண்டு மூன்று நாள் நித்திரை இல்லை, பசி இல்லை. பற்கள் பழுதாகும், உடல் விரைவில் வற்றும். இளம் வயதிலேயே மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற சந்தேகமும் இல்லாத குரல் கேட்பதும் ஐஸில் அடிக்கடி காணும் நிலைமைகள். இந்த நிலையில் இருப்பவர் பயத்தினால் கத்தியைத் தூக்கலாம்.

கஞ்சா "இலைதானே, சித்தர்கள் குடித்தது" என்று சொல்வோர் எங்கள் ஊரில் உண்டு. சிறு வயதில் தொடங்கித் தொடர்ந்து புகைப்போருக்கு ஞாபகமும் படிப்பும் பாதிக்கும். குடும்பத்தில் மனநோய் உள்ள பிள்ளைக்கு அது கடுமையான மனப்பிறழ்வைத் தொடக்கிவிடக்கூடும்.

பிரிகபலின் போன்ற மாத்திரைகளைத் தனியாக எடுப்பதே ஆபத்து. அவற்றை ஹெரோயினுடனோ சாராயத்துடனோ சேர்த்தால் மூச்சு நிற்கும் ஆபத்து பெருகுகிறது. மது ஈரலைக் கொழுப்பாக்கி, பின் இறுக்கி, கடைசியில் வயிற்றில் நீர் கட்ட வைக்கும். கசிப்பில் மெதனோல் கலந்தால் கண் பார்வை போகலாம், உயிரும் போகலாம்.

மனதுக்குள் நடப்பது

உடலின் பாதிப்பைப் படம் எடுத்துக் காட்டலாம். மனதின் பாதிப்பை அவனே மறைக்கிறான். முதலில் எரிச்சல், பிறகு பொய். பொய் பிடிபடும்போது வெட்கம். வெட்கம் தாங்காமல் மீண்டும் போதை. இந்தச் சக்கரம் சுற்றும்போது மனச்சோர்வும் பதகளிப்பும் சேர்ந்துகொள்கின்றன. என்னிடம் வந்தவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் சாக நினைத்ததாகச் சொன்னார்கள். போதையை விட்ட முதல் வாரங்களில் இந்த எண்ணம் கூடக்கூடும். ஆகவே "விட்டிட்டான்" என்று நிம்மதி அடையும் அதே நேரம் மனநிலையையும் கவனிக்க வேண்டும்.

எங்கள் மண்ணில் இதற்கு இன்னொரு அடுக்கும் இருக்கிறது. போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ். மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று, 7 சதவீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயும், 32.6 சதவீதமானோருக்குப் பதகளிப்பும், 22.2 சதவீதமானோருக்கு மனச்சோர்வும் இருந்ததாகக் கண்டது. இடம்பெயர்ந்த நிலையில் இருந்தோரிடம் இவை இன்னும் அதிகம். மூன்றில் ஒருவருக்குப் பதகளிப்பு இருந்த ஒரு சமூகத்தில், நித்திரை தரும் எந்தப் பொருளும் மருந்து போலத்தான் தோன்றும்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் எங்கள் மக்களின் மனவடு பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருபவர். போர் தனி மனிதரை மட்டும் பாதிப்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் நம்பிக்கையையும் சேர்த்தே குலைக்கிறது என்பது அவர் வலியுறுத்தும் கருத்து. இதை நான் வீடுகளில் காண்கிறேன். செல் துண்டை உடம்பில் சுமந்தபடி நோவு மாத்திரையில் தொடங்கியவர் இருக்கிறார். பதுங்குகுழிக் கனவு வராமல் இருக்கக் குடிப்பவர் இருக்கிறார்.

"இவன் பிறந்ததே போர் முடிஞ்ச பிறகு. இவனுக்கு என்ன மனவடு?" என்று ஒரு தந்தை என்னைக் கேட்டார். அவர் ஒரு காலை இழந்தவர். வீட்டில் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. இரவில் கத்தி எழும்புவார். மகன் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன். போரைப் பார்க்காத பிள்ளை, போரைப் பார்த்த பெற்றோரிடம் வளர்கிறது. அதேநேரம் எல்லாப் பழியையும் போரின் மேல் போடவும் முடியாது. கூட்டாளிகள், வேலையின்மை, வெளிநாட்டுக்குப் போகும் கனவில் இங்கே எதிலும் ஒட்டாத வாழ்க்கை, கேட்டவுடன் வரும் வெளிநாட்டுக் காசு, கைக்கெட்டும் தூரத்தில் பொருள் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் ஒருவனை இழுக்கின்றன.

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படையினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெரோயினுக்கு அடிமையாக இருந்தார்கள். 1971 இல் நாடு திரும்பியோரை ஆராய்ந்த லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர், அங்கே அடிமையாக இருந்தவர்களில் சுமார் 5 சதவீதமானோரே முதல் ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானதைக் கண்டார். அவர்கள் போரையும் அந்த இடத்தையும் விட்டுப் போனார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் திரும்பிப்போக வேறு ஊர் இல்லை. இந்த ஊரையே அவர்கள் திரும்பிவரக்கூடிய இடமாக நாங்கள்தான் மாற்றவேண்டும்.

வீடு எப்படி நோயாளியாகிறது

ஒருவர் அடிமையானால் அந்த வீட்டில் எல்லோருக்கும் நித்திரை போகிறது. தாய் காசை அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறாள். தங்கையின் கல்யாணப் பேச்சுக் கெட்டுவிடும் என்று அயலுக்கு மறைக்கிறார்கள். அண்ணன் கனடாவிலிருந்து காசும் அனுப்பி ஏச்சும் அனுப்புகிறான். "ஒரு கல்யாணத்தைச் செய்து வைச்சால் திருந்துவான்" என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்துவைத்த வீடுகளில் இன்னொரு பெண்ணும் சில நேரம் ஒரு குழந்தையும் துன்பப்படுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். வெளிநாட்டுக்கு அனுப்பினால் சரி என்று காணியை விற்று அனுப்புவோரும் உண்டு. அங்கும் அதே பொருள் கிடைக்கும். தனிமை மட்டும் கூடுதலாக இருக்கும்.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள் இவை: திடீரென மாறும் கூட்டாளிகள், மலசலகூடத்தில் நீண்ட நேரம், எரிந்த ஈயத்தாள், வெப்பத்திலும் நீளக்கைச் சட்டை, காரணமில்லாமல் காணாமற்போகும் நகையும் தொலைபேசியும், பகலில் தூங்கி விழுதல் அல்லது இரவு முழுக்க விழித்திருத்தல், ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி. இவற்றில் ஒன்றைக் கண்டதும் முடிவுக்கு வரவேண்டாம். பல சேர்ந்து வந்தால் கதையுங்கள். ஆள் போதையில் இருக்கும் நேரத்திலோ சுற்றத்தார் முன்னிலையிலோ கதைக்க வேண்டாம். "எனக்கு உன்னை நினைச்சுப் பயமாக் கிடக்கு" என்று தொடங்கும் கதை, "உன்னால மானம் போச்சு" என்று தொடங்குவதைவிட அதிக தூரம் போகும்.

அறையில் பூட்டி வைக்கலாமா?

ஹெரோயினை நிறுத்தியவருக்கு 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் உபாதை தொடங்கும். மூக்கும் கண்ணும் ஒழுகும், எலும்பு முறிவது போல் வலி, வாந்தி, வயிற்றோட்டம், நடுக்கம். ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரமளவில் தணியும். பெரும்பாலும் உயிரை எடுக்காது. ஆனாலும் நீரிழப்பு கடுமையானால் ஆபத்து. வைத்தியரிடம் போனால் இந்த நாட்களைத் தாங்க மருந்து உண்டு. அந்த வேதனையை அவன் தண்டனையாக அனுபவிக்கவேண்டிய தேவை இல்லை.

மதுவின் விடயம் வேறு. ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, மனம் குழம்பி, இல்லாதவை தோன்றும் நிலைக்குப் போய் இறக்கவும் கூடும். விரத காலத்தில் சத்தியம் பண்ணித் திடீரென விட்டவர்கள் வலிப்போடு வைத்தியசாலைக்கு வருவது இதனால்தான். பிரிகபலினையும் நித்திரை மாத்திரைகளையும் பெருமளவில் பாவித்தவர்களும் திடீரென நிறுத்தக்கூடாது. இவற்றை வைத்தியரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கிணற்றடித் தூணில் கட்டி வைப்பதும் அறையில் பூட்டி வைப்பதும் வைத்தியம் ஆகாது. பூட்டிய அறைக்குள் வலிப்பு வந்தால் யார் கதவைத் திறப்பது?

மிகவும் ஆபத்தான நாட்கள்

நான் அந்தத் தாய்க்குச் சொல்லாமல் விட்டது இதைத்தான். தினமும் ஹெரோயின் எடுப்பவரின் உடல் பெரிய அளவைத் தாங்கப் பழகியிருக்கும். சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். ஆனால் கையும் நினைவும் பழைய அளவைத்தான் அறியும். சிறையிலிருந்தோ சிகிச்சை நிலையத்திலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ திரும்பியவர் "ஒரேயொரு தடவை" என்று பழைய அளவை ஏற்றினால், முன்பு போதை தந்த அதே அளவு இப்போது உயிரை எடுக்கும். உடம்பு தேறிய முகம் எங்களை ஏமாற்றுகிறது.

ஆகவே வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் அவரைத் தனியே விடாதீர்கள். பழைய கூட்டாளிகள் தேடிவருவார்கள், அதற்கு முன்கூட்டியே திட்டம் வையுங்கள். இந்த ஆபத்தை அவரிடமே நேராகச் சொல்லுங்கள். சொன்னால் ஞாபகம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அவர் அதை மறந்தே இருக்கமாட்டார்.

ஒருவர் எழுப்பியும் எழும்பாமல், குறட்டை போல் கொரகொரவென்று மூச்சு வாங்கி, உதடும் நகமும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறிக் கிடந்தால் அது நித்திரை அல்ல. உடனே 1990 க்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ். ஆளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போகாது. மூச்சு நின்றிருந்தால், தெரிந்தவர்கள் செயற்கைச் சுவாசம் கொடுக்கலாம். தேசிக்காய்ப் புளி, உப்புத் தண்ணீர், தலையில் வாளித் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். என்ன எடுத்தார் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். ஹெரோயினை முறிக்க நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. உண்மை தெரிந்தால்தான் அதை நேரத்துக்குக் கொடுக்க முடியும்.

"புனர்வாழ்வு" என்ற சொல்

அந்தத் தாய் ஏன் மகனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் அவருடைய கணவர் சரணடைந்தார். "புனர்வாழ்வு குடுத்து விடுவினம்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அப்போது மகனுக்கு 11 வயது. "அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை நடுங்கும் ரீச்சர். இவனையும் எழுதிக் குடுக்கச் சொல்லுறியளே?" என்றார்.

இந்தப் பயத்தை மூடத்தனம் என்று தள்ளமுடியாது. போரின் பின் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் "புனர்வாழ்வு" என்ற பெயரில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அதற்குப் பாவிக்கப்பட்ட கந்தக்காடு நிலையம் பின்னர் போதைக்கு அடிமையானவர்களுக்கானதாக மாற்றப்பட்டது. 2022 ஜூன் மாதக் கடைசியில் அங்கே ஒருவர் இறந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினர். அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தில் போதைக்கு அடிமையானவர்களோடு முன்னாள் போராளிகளும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்தின் பின் அது மாற்றப்பட்டு, 2023 இன் 2 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது.

ஆகவே வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருங்கள். நீதிமன்றம் கட்டாயமாக அனுப்பும் நிலையம் வேறு. நீங்களாகவே போகும் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவு வேறு. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. அங்கே போதைக்கு அடிமையானவர் ஒரு நோயாளி. சிகிச்சை இலவசம். விற்பவனுக்குச் சட்டம் கடுமையாகவே இருக்கிறது. 1984 இலிருந்து 2 கிராமுக்கு மேற்பட்ட தூய ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க இடமுண்டு. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் ஐஸையும் கடுமையான தண்டனைக்குள் கொண்டுவந்தது. 40 ஆண்டுகளாக அந்தச் சட்டம் இருந்தும் பொருள் எங்கள் ஒழுங்கை வரை வந்திருக்கிறது. தண்டனை மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

"இயக்கம் இருந்த காலத்தில இது இருந்ததே?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயம் ஒரு பொருளைச் சந்தையில் குறைக்கலாம். ஏற்கனவே நோயாளியானவரைப் பயம் குணப்படுத்தாது, இன்னும் ஆழமாக ஒளிக்க வைக்கும்.

எது பலன் தருகிறது

ஒரு வாரத்தில் நஞ்சை இறக்கிவிட்டால் முடிந்தது என்ற எண்ணம்தான் பெரிய தவறு. அது தொடக்கம் மட்டுமே. அதன் பின் மாதக்கணக்கான மருந்தும் உளவளத்துணையும் குடும்பத்தாருக்கான ஆலோசனையும் வேலையும் வேண்டும். சென்னையில் 1980 இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய ரி.ரி.ரங்கநாதன் நிலையம், குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவரும் முறையைத் தமிழ்ச் சூழலில் செய்து காட்டியது. ஹெரோயினுக்கு அடிமையானோருக்கு மெதடோன், பியூபிரினோபின் ஆகியவற்றைக் கொடுத்து நிலைப்படுத்தும் முறையைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. இந்த இரண்டு மருந்துகளையும் உலக சுகாதார நிறுவனம் 2005 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் மாவட்டத்துக்கு எது வேண்டும் என்று கேட்கும்போது இதையும் கேட்க வேண்டும்.

மீண்டும் வழுக்குவது இந்த நோயின் இயல்பு. நீரிழிவுக்காரருக்குச் சீனி ஏறினால் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை, திரும்பவும் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறோம். இங்கும் அதுதான் வழி. பக்குவமாகக் கதைத்து அழைத்துப்போங்கள். பிணையாகக் கையில் காசு கொடுக்காதீர்கள். அவர் செய்த கடனை ஒளித்துத் தீர்க்காதீர்கள். அதேநேரம் சாப்பாட்டையும் பேச்சையும் நிறுத்தாதீர்கள். உங்களுக்கும் ஒருவர் தேவை. தாய்மார் தங்கள் நித்திரையின்மைக்கும் அழுகைக்கும் அதே மனநலப் பிரிவில் உதவி கேட்கலாம்.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அவசரத்துக்கு 1990. இவற்றைக் கலண்டரின் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாவிட்டாலும் அயல் வீட்டுக்குத் தேவைப்படலாம்.

மகனை இழந்த அந்தத் தாய் ஓராண்டுக்கு மேலாக என்னுடன் கதைக்கவில்லை. அது நியாயம் என்றே நினைத்தேன். பிறகு ஒரு நாள் தானாகவே வந்தார். அவருடைய ஒழுங்கையில் இன்னொரு பெடியன் சிறையிலிருந்து வந்திருந்தான். அந்த வீட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போனோம். நான் கதைக்கத் தொடங்கும் முன்பே அவர் அந்தப் பெடியனின் தாயிடம் சொன்னார்: "வந்திட்டான் எண்டு நிம்மதியாப் படுக்காதை பிள்ளை. இனித்தான் முழிச்சிருக்க வேணும்."

அந்தப் பெடியன் அதற்குப் பின் ஒரு தடவை வழுக்கினான். அன்றிரவு தாய் விழித்திருந்தாள். 1990 நேரத்துக்கு வந்தது. இப்போது கிளினிக்குக்குப் போகிறான். திருந்திவிட்டான் என்று நான் எழுதமாட்டேன். உயிரோடு இருக்கிறான்.